கோவையிலிருந்து மதுரை எவ்வளவு தூரம்?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு ஒருவர் பதினைந்து நிமிடம் பயனுள்ள விஷயம் ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் ஏற்பாடு செய்திருக்கிறார். போன முறை டாக்டர் அம்மா சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார்கள். இந்த முறை என்னைப் பிடித்துவிட்டார். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது கூட்டல், கழித்தல், கடைசியில் டாலி ஆகிறதா என்று பார்ப்பது. அதனால் ஒரு சின்னக் கணக்கைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். கோவையிலிருந்து மதுரை எவ்வளவு தூரம்?

இதில் என்ன இருக்கிறது, போனைத் தட்டினால் தெரிந்துவிடுமே என்று நினைப்பீர்கள். தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் 174 கி.மீ. என்கிறது. இன்னொன்று 215 என்கிறது. ரயில் கணக்கு 230 என்று ஒன்று, 300 என்று ஒன்று. விமானத்தில் போகப் பார்த்தால் 800 கி.மீ.க்கு மேல் வருகிறது. ஒரே இரண்டு ஊர், ஐந்து விடை. வங்கியில் ஒரே கணக்குக்கு ஐந்து பேலன்ஸ் வந்தால் அன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் இந்த ஐந்துமே சரி. அதைத்தான் விளக்கப் போகிறேன்.

நம் வளாகத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைய இருக்கிறோம். பலருக்கு அங்கே அப்பா அம்மாவோ, அக்காவோ, மாமனார் மாமியாரோ தனியாக இருக்கிறார்கள். பொங்கலுக்குப் போகிறபோது தூரம் ஒரு பொருட்டல்ல. ராத்திரி பத்து மணிக்குப் போன் வருகிறபோதுதான் அது கனக்கும். அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

முதலில் 174. இது ஊருக்கு ஊர் நேர்க்கோடு போட்டு அளந்த தூரம். வான்வழித் தூரம் என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். இதை யாரும் நாடா வைத்து அளக்கவில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் வைத்துப் போட்ட கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். கோவை வடக்கு அட்சரேகை 11.00 பாகையில் இருக்கிறது, மதுரை 9.92. வித்தியாசம் 1.08. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று வைத்தால் 120 கி.மீ. தெற்கே இறங்க வேண்டும். தீர்க்கரேகையில் கோவை 76.96, மதுரை 78.12. வித்தியாசம் 1.16. நம் பகுதியில் தீர்க்கரேகை ஒரு பாகை சுமார் 109 கி.மீ. ஆக 126 கி.மீ. கிழக்கே போக வேண்டும். 120ஐயும் 126ஐயும் தனித்தனியாக வர்க்கம் செய்து கூட்டினால் 30,276. அதற்கு வர்க்கமூலம் 174. டாலி!

பூமி உருண்டை என்பதால் வரும் வித்தியாசம் இவ்வளவு குறைந்த தூரத்துக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. டெல்லிக்கோ லண்டனுக்கோ போட்டால்தான் வேறு சூத்திரம் வேண்டும்.

இனி 215. இது பஸ்ஸும் காரும் போகிற தூரம். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை. பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகப் போனால் பத்துப் பதினைந்து கி.மீ. கூடும். ஏன் நேர்க்கோட்டைவிட 40 கி.மீ. அதிகம்? வரைபடத்தில் கோவைக்கும் மதுரைக்கும் அடிக்கோல் வைத்து ஒரு கோடு போடுங்கள். அது பழனி ஊரை ஒட்டியே போகும். பழனியைத் தாண்டியதும் மலை. கொடைக்கானல் மலையின் கிழக்குப் பகுதி, தாண்டிக்குடிப் பக்கம், அதன் மேல் ஏறி இறங்கி நிலக்கோட்டைப் பக்கம் வந்து மதுரையைப் பிடிக்கும். கோட்டுக்கு மலை ஏறுவது கஷ்டமில்லை. பஸ்ஸுக்குக் கஷ்டம். அதனால்தான் சாலை மலையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் வந்து, அங்கே தெற்கே திரும்புகிறது. நாம் ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் போகும் 40 கி.மீ. அந்த மலைக்காகப் போவது. திண்டுக்கல் தாண்டி மதுரைச் சாலையில் போகிறபோது வலது பக்கம் அந்த மலை நம்மோடு தூரத்தில் வந்துகொண்டே இருக்கும், பாருங்கள்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை போகும்போது கி.மீ. கற்களைக் கவனியுங்கள். தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. திண்டுக்கல்லில் நீங்கள் சேரும் மஞ்சள் கல் சாலை, எண் 44, காஷ்மீரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை போவது. பெரியவர்கள் பழைய ஞாபகத்தில் என்.ஹெச். 7 என்று சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான், எண்ணை மாற்றிவிட்டார்கள்.

ரயிலுக்கு வருவோம். பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாகப் போகும் ரயில் பாதை ஏறத்தாழ 230 கி.மீ. ஈரோடு, கரூர் சுற்றிப் போகிற ரயிலில் ஏறினால் 300 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பழனி வழி முன்பு மீட்டர்கேஜ். அகலப்பாதையாக மாற்றுகிறோம் என்று மூடியது திறக்கப் பல வருடம் ஆனது. அந்த வருடங்களில் ரயிலில் போக வேண்டுமென்றால் மதுரைக்காரர்கள் ஈரோட்டைச் சுற்றித்தான் போனார்கள். ஊர் நகரவில்லை, ஆனால் தூரம் 70 கி.மீ. கூடிப்போனது. ரயிலில் டிக்கெட் எடுக்கும்போது எந்த வழி என்று பார்த்து எடுங்கள். ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தாலும் நேரம் ஒன்றல்ல.

கடைசியாக விமானம். இதுதான் வேடிக்கை. தூரம் காட்டும் இணையப் பக்கங்கள் சிலவற்றில் 174 கி.மீ. என்று போட்டு, கீழே பறக்கும் நேரம் 13 நிமிடம் என்றும் போட்டிருப்பார்கள். மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்து வகுத்தால் 13 நிமிடம் வரும். கணக்கு சரி. ஆனால் அப்படி ஒரு விமானம் கிடையாது. கோவை பீளமேட்டிலிருந்து சென்னை, பெங்களூர், மும்பைக்குப் போகலாம், சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் போகலாம். மதுரையிலிருந்து கொழும்புக்கும் துபாய்க்கும் போகலாம். கோவையிலிருந்து மதுரைக்கு நேராகப் போக முடியாது. டிக்கெட் தேடினால் சென்னை வழியாகப் போகச் சொல்லும். இங்கிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 400 கி.மீ. அங்கிருந்து மதுரை சுமார் 415. ஆக 174 கி.மீ.யைக் கடக்க 815 கி.மீ. பறக்க வேண்டும். நாலரை மடங்குக்கும் மேல்.

நேரடியாக ஏன் விடுவதில்லை? விமானத்துக்குச் செலவு அதிகம் ஏறுகிறபோதும் இறங்குகிறபோதும்தான். ஓடுபாதையில் நகர்வது, மேலே ஏறுவது, வரிசையில் நின்று இறங்குவது எல்லாம் 174 கி.மீ.க்கும் உண்டு, 1,700 கி.மீ.க்கும் உண்டு. குறைந்த தூரத்தில் அந்தச் செலவைப் பங்கு போட கி.மீ. இல்லை. நேர் விமானம் விட்டாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள். வீட்டிலிருந்து போய்ச் சேர, இறங்கிப் பெட்டி எடுக்க என்று கூட்டினால் நாலு மணி நேரம் எப்படியும் ஆகும். பஸ்காரர் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, பல மடங்கு குறைந்த காசில் கொண்டுபோய் விட்டுவிடுவார். யார் விமானத்தில் ஏறுவார்கள்?

குறைந்த தூர விமானமே உலகில் இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தில் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகளுக்கிடையில் 1967 முதல் விமானம் ஓடுகிறது. தூரம் 2.7 கி.மீ., நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. நடுவில் கடல், அதனால் விமானம். நம் பக்கத்துச் சேலத்திலிருந்து சென்னைக்கு உதான் திட்டத்தில் 2018 மார்ச்சில் விமானம் வந்தது, இடையில் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. அது சென்னை என்கிற பெருநகரத்தை நம்பி ஓடுவது. நமக்கும் மதுரைக்கும் நடுவில் கடலும் இல்லை, இரண்டில் ஒன்று தலைநகரமும் இல்லை. நடுவில் இருப்பது ஒரு மலை. அதைச் சுற்றிப் போக நல்ல சாலை இருக்கிறது.

ஐந்து விடைக்கும் கணக்கு சொல்லிவிட்டேன். ஆனால் இந்த ஐந்தில் எதுவும் நமக்கு வேண்டிய விடை இல்லை. ஏனென்றால் இவை எல்லாம் ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு, நிலையத்திலிருந்து நிலையத்துக்கு அளந்தவை. நாம் ஊர் நடுவில் குடியிருக்கவில்லை. நமக்கு வேண்டியது நம் வீட்டு வாசலிலிருந்து அவர்கள் வீட்டு வாசலுக்கு எத்தனை மணி நேரம் என்பது.

நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். நம் வளாகத்து கேட்டிலிருந்து சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு 12 கி.மீ., பகலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து மதுரை அரப்பாளையம் ஐந்து மணியிலிருந்து ஐந்தரை மணி நேரம். அரப்பாளையத்திலிருந்து திருநகரில் என் அக்கா வீட்டுக்கு ஆட்டோவில் அரை மணி. மொத்தம் ஆறேகால் மணியிலிருந்து ஆறே முக்கால் மணி. சொந்தக் காரில் போனால், வழியில் ஒரு காபி, ஒரு டீசல் நிறுத்தம் சேர்த்து ஐந்தரை மணி. ரயிலில் அதன் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பைச் சேர்க்காவிட்டால் பஸ் கணக்குதான் ஏறத்தாழ. சென்னை வழி விமானம், எல்லாம் சரியாக அமைந்தால் ஏழு மணி, எட்டு மணி. ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தால் காலைவரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன், பழக்க தோஷம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிறது, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு வாசல் 230 கி.மீ.க்கு 15 லிட்டருக்கு மேல், ஏறத்தாழ 1,530 ரூபாய். கொடைரோடு சுங்கச்சாவடியில் கட்டுவது தனி. நாலு பேர் போனால் கார் லாபம். ஒருவர் போனால் பஸ்தான் லாபம். நிம்மதியும் பஸ்ஸில்தான்.

அந்த நிம்மதியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு நாள் ராத்திரி பத்தேகாலுக்கு எனக்கு மதுரையிலிருந்து போன் வந்தது. அக்காவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். இடுப்பை அசைக்க முடியவில்லை. சத்தம் கேட்டு எதிர் வீட்டுத் தையல்காரரும் அவர் சம்சாரமும் ஓடியிருக்கிறார்கள். அக்கா ஒரு சாவியை அவர்களிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அதனால் கதவை உடைக்க வேண்டியிருக்கவில்லை. 108க்குப் போன் செய்துவிட்டு எனக்குச் செய்தார்கள்.

பெங்களூரில் இருக்கும் என் மகனுக்குச் சொன்னேன். "நீங்க தனியா கார் எடுக்காதீங்கப்பா" என்பதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை. நானும் அந்த எண்ணத்தில் இல்லை. மனது பதறிக்கொண்டிருக்கும்போது, நாள் முழுக்க விழித்திருந்த உடம்போடு, ராத்திரி ஐந்து மணி நேரம் ஸ்டியரிங் பிடிப்பது எந்த வயதிலும் வேண்டாத வேலை. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகத் தூக்கத்துக்குப் போகும். எவ்வளவு கவலை இருந்தாலும் கண் சொக்கும். நானும் என் மனைவியும் சிங்காநல்லூருக்கு ஆட்டோ பிடித்துப் போய் பஸ் ஏறினோம். விடிவதற்குள் மதுரை போய்விட்டோம்.

ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்து, மருத்துவமனையில் சேர்த்து, எக்ஸ்ரே எடுத்து, இடுப்பெலும்பு முறிவு என்று சொல்லி, மறுநாள் அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. தையல்காரர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பஸ் தாராபுரம் தாண்டுவதற்குள் டியூட்டி டாக்டர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அவருக்குத் தெரியவில்லை. எனக்குப் போன் செய்தார். எனக்கும் பெயர் தெரியாது. என் மனைவி பொங்கலுக்குப் போனபோது அக்காவின் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தார். அதை ஓடுகிற பஸ்ஸிலிருந்து அனுப்பினார். அதில் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஒன்று இருந்தது. அது தெரியாமல் அறுவை சிகிச்சை செய்யக் கூடாதாம். அதற்காகவே இரண்டு நாள் தள்ளிவைத்துச் செய்தார்கள். அக்கா இப்போது வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்துவிட்டார்கள்.

கணக்குப் பிள்ளையாக இதை நான் இப்படிப் பார்க்கிறேன். எனக்கும் அக்காவுக்கும் தூரம் ஆறரை மணி நேரம். எந்த வண்டி வாங்கினாலும், எந்தச் சாலை போட்டாலும் ஐந்து மணிக்குக் கீழே அது குறையாது. அந்தத் தையல்காரருக்கும் அக்காவுக்கும் தூரம் தெருவின் அகலம். விழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு அவர்தான் தம்பி. நான் ஏழாவது மணி நேரத்தில் வந்த தம்பி. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஏற்பாடு செய்ய வேண்டும்.

எனவே இந்த வாரம் எல்லோரும் ஒரு தாளை எடுத்து நாலு விஷயம் எழுதுங்கள். ஒன்று, உங்கள் பெரியவர்கள் வீட்டுக்கு வாசலுக்கு வாசல் எத்தனை மணி நேரம், பகலில் எவ்வளவு, ராத்திரியில் எவ்வளவு. ராத்திரி என்றால் எந்த பஸ் ஸ்டாண்டு, ஆக்டிங் டிரைவர் யார், அவர் நம்பர் என்ன. இரண்டு, அங்கே எதிர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சாவி வைத்திருப்பவர் யார், அவர் நம்பர். சாவி யாரிடமும் இல்லை என்றால் அடுத்த முறை போகும்போது முதல் வேலை அதுதான். மூன்று, மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார் இவற்றின் படம், உங்கள் போனிலும் இன்னொருவர் போனிலும். நான்கு, முன்பு பார்த்த டாக்டர் பெயரும் மருத்துவமனையும். தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரி பாருங்கள். மருந்து மாறியிருக்கும், நம்பர் மாறியிருக்கும்.

இன்னொன்று. மதுரையில் இருக்கும் என் அக்காவைப் போல நம் வளாகத்திலும் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் சென்னையில், ஹைதராபாத்தில், அமெரிக்காவில். அந்தப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டால் நமக்கு ஆறரை மணி வந்த இடத்தில் அவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் வரும். அவர்களுக்குத் தையல்காரர் யார்? ஒரே தளத்தில் எதிர்க் கதவில் இருக்கும் நாம்தான். செயலாளரிடம் பேசியிருக்கிறேன். அறுபது வயதைத் தாண்டியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு ஒரு பதிவேடு திறக்கிறோம். யாரிடம் சாவி இருக்கிறது, வெளியூரில் யாருக்குச் சொல்ல வேண்டும், என்ன மருந்து என்பது மட்டும். விருப்பப்பட்டவர்கள் கொடுத்தால் போதும், கட்டாயம் இல்லை. விவரங்களை மூடிய உறையில் வைத்துக் கொடுக்கலாம், அவசரத்துக்கு மட்டும் பிரிப்போம். படிவம் அலுவலக அறையில் இருக்கிறது. பதிவேட்டை எழுதிப் பராமரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். லெட்ஜர் எழுதி ரொம்ப நாள் ஆகிவிட்டது, கை அரிக்கிறது.

பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சமோசாவும் வந்துவிட்டது.